பிரான் துறையில் இறங்காதவர்கள்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
3 டிசம்பர் 2000

அன்புள்ள மஹ்ஜபீன்,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றால் கடிதம். போனில் நான் குறுக்கே பேசுகிறேன், உன்னை முடிக்க விடுவதில்லை என்று தேங்க்ஸ்கிவிங் முடிந்து கிளம்பும்போது ஏர்போர்ட்டில் வைத்துச் சொன்னாய். நியாயம்தான். தமிழில் மெயில் அனுப்பினால் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழுகிறதாம். ஆகவே பேனா. பள்ளிக்கூடம் விட்டபிறகு இவ்வளவு தமிழ் எழுதியதில்லை, விரல் வலிக்கிறது.

இங்கே பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் பிரியாணியும் தருகிறார்கள். கஞ்சி கிடையாது. நானே ஒருநாள் காய்ச்சினேன். பக்கத்து அபார்ட்மென்ட் சேனாபதி, அவரும் எங்கள் கம்பெனிதான், ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "ஏனுங்க ஜுஹைர், இதை வெச்சுச் செவுரு பூசலாமுங்க" என்றார். கரூர்க்காரர், பொய் சொல்லமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் கம்பெனி என்னை இத்தாலிக்கு அனுப்பியபோது நீ லீவு போட்டு வந்தாயே, அந்தப் படங்களைக் கழுவி வாங்கினேன். திரியெஸ்தேயிலிருந்து நாம் தனிப் படகு பிடித்துப் போன நாள் மட்டுமே ஒரு முழு ரோல். எல்லாப் படத்திலும் நீ சிரிக்கிறாய். படகோட்டி லிவியோ எடுத்த ஒன்றில் மட்டும் நான் இருக்கிறேன், வாட்சைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பயணம் ஒரு தோல்வி என்பதுதான் என் கருத்து. காலையில் பிரான், மதியம் போரெச், சூரியன் விழுவதற்குள் திரும்புவது என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். கிடைத்ததோ ஒரே ஊர், அதிலும் கால் வைக்கவில்லை. ஆனாலும் படங்களை மேசை மேல் பரப்பி வைத்திருக்கிறேன். காரணம் தெரியவில்லை.

நீ இங்கே வந்துவிடு என்று மறுபடியும் சொல்கிறேன். ரிச்சர்ட்சனில் இப்போது எந்த ரோட்டைத் தோண்டினாலும் ஃபைபர் கேபிள் பதிக்கிறார்கள். உனக்கு வேலை ஒரு வாரத்தில் கிடைக்கும். யோசித்து எழுது. சீக்கிரம் எழுது.

ஜுஹைர்


டப்ளின், கலிபோர்னியா
12 டிசம்பர் 2000

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகு என்று இதுவரை தெரியாது. நிக்காஹ் ஆன பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்தை இப்போதுதான் காட்டியிருக்கிறீர்கள். கஞ்சிக்கு அரிசியை உடைத்தீர்களா, முழுசாகப் போட்டீர்களா? முழுசாகப் போட்டிருப்பீர்கள். தேங்காய்ப்பால் கடைசியில்தான்.

அந்த நாள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த நாளைச் சொல்கிறேன். இப்போது குறுக்கே பேச முடியாது.

லிவியோ நம்மை ஏற்றும்போதே பலகைக்கு அடியில் ஒரு கேக் பெட்டியைப் பத்திரமாக வைத்தார். நீங்கள் கவனிக்கவில்லை, வரைபடத்தில் இருந்தீர்கள். பிரானில் அவர் அக்கா வீட்டில் அன்று குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து. நம் சவாரி அவருக்கு ஒரு சாக்கு. துறையில் போலீஸ்காரர் நம் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அந்த ஊர் ஸ்லோவேனியா, அதற்கு நம்மிடம் விசா இல்லை. இத்தாலி விசாவும் ஒரு தடவை நுழைய மட்டும். இங்கே இறங்கினால் அங்கே திரும்ப முடியாது. லிவியோ இத்தாலிக்காரர், அவருக்குத் தடை இல்லை. "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கேக் பெட்டியோடு போனவர், சாயங்காலம்தான் வந்தார்.

நீங்கள் போலீஸ்காரரிடம் வாதாடினீர்கள். ஒப்பந்தம், அட்டவணை, நஷ்டம் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம். சுட்ட சாளை மீன், எலுமிச்சை, ரொட்டி. "கால் வைக்கக் கூடாது, சட்டம். மீனுக்குச் சட்டம் இல்லை" என்றார். நீங்கள் அதற்கும் முறைத்தீர்கள்.

அப்புறம் என்ன ஆனது? சாப்பிட்டீர்கள். முள்ளை எடுத்து எடுத்து எனக்கும் வைத்தீர்கள். சர்ச் மணி அடித்தது, பையன்கள் துறைச் சுவரிலிருந்து கடலில் குதித்தார்கள், நீங்கள் சட்டைக்கையை மடித்துத் தண்ணீரில் கை விட்டுக்கொண்டே உங்கள் வாப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். கொழும்பிலிருந்து அவர் வரும்போதெல்லாம் உங்களுக்கு யார் என்று தெரியாமல் ஒளிந்துகொள்வீர்களாமே. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என்னிடம் நீங்கள் அவ்வளவு பேசியது அன்றுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மச்சான், நம் இருவருக்கும் ஒரே தப்பு நடந்திருக்கிறது. நிக்காஹ் நடந்தபோதே உங்களுக்கு வேலை டெக்சாஸில், எனக்கு இங்கே. அமெரிக்காவில் பெண்டாட்டி புருஷனிடம் வருவாள் என்று நினைத்து நீங்கள் கேட்காமலே இருந்துவிட்டீர்கள். நம் காயல்பட்டினத்தில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார் என்று நினைத்து நான் கேட்காமலே இருந்துவிட்டேன். ஆளுக்கொரு பக்கம் கம்பெனியில் சொல்லி கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டோம். இப்போது யார் நகர்ந்தாலும் அவருக்கு வரிசை முதலிலிருந்து.

நான் வரச் சொல்கிறேன். ஊர் வழக்கம் என்பதற்காக மட்டும் இல்லை. கோடைக்குள் ஒரு முடிவு வேண்டும். விமானத்தில் வந்து போகிற விருந்தாளியோடு எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை.

உங்கள்
மஹ்ஜபீன்


ரிச்சர்ட்சன்
6 ஜனவரி 2001

அன்புள்ள மஹ்ஜபீன்,

பெருநாளைக்கு நீ அனுப்பிய வட்டிலப்பம் நசுங்கித்தான் வந்தது. நின்றுகொண்டே தின்று முடித்தேன்.

உன் கடிதத்தில் சில திருத்தங்கள். நான் முறைத்தது போலீஸ்காரரை அல்ல, வெயிலை. கேக் பெட்டியைக் கவனித்தேன். அதை லைஃப் ஜாக்கெட் பெட்டி என்று நினைத்தேன். லிவியோ திரும்பி வந்தபோது சட்டையில் கிரீம் ஒட்டியிருந்தது, உனக்கு ஒரு துண்டு கொண்டுவந்தார், எனக்கு இல்லை. இதை நீ எழுதவில்லை. திரும்பும்போது இன்ஜின் இருமியதும், நான் எரிபொருள் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் உன் கணக்கில் வரவே இல்லை.

நீ துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாய். நம்மூர்க் கடலுக்கு இந்த நிறம் ஏன் இல்லை என்று கேட்டாய். அடியில் சுண்ணாம்புப் பாறை, ஆறு கொண்டுவரும் வண்டல் இல்லை என்று விளக்கினேன். நீ கேட்டது அதை இல்லை என்று இப்போது படம் பார்க்கும்போது தெரிகிறது.

சரி. முடிவு கேட்டாய். சுற்றி வளைக்க எனக்கு வராது. நான் வரமாட்டேன். காயலில் மாமியார் வீடு அடுத்த தெரு. ராத்திரி போனால் காலையில் உம்மா கையால் காப்பி குடிக்கலாம். இது ஆயிரத்து ஐந்நூறு மைல். அங்கே இப்போது கம்பெனிகள் மூடிக்கொண்டு வருகின்றன. எனக்கு அங்கே வேலை கிடைக்காவிட்டால் உன் விசாவில் ஒட்டிக்கொண்டு, வேலை செய்ய உரிமை இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். அதற்குப் பேர் எச்-4. அதில் பெண்கள் இருக்கிறார்கள், தெரியும். நான் இருக்க முடியாது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பொய் எழுதுவதைவிட இது மேல்.

ஜுஹைர்


டப்ளின்
21 ஜனவரி 2001

மச்சான்,

உங்கள் கடிதம் வந்தது. கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் உம்மா போனில், "மாப்புள வந்தாஹளா?" என்று கேட்கிறார்கள். "வந்துட்டு இப்பத்தான் போனாஹ உம்மா" என்கிறேன். "சாப்புட்டாஹளா?" "சாப்புட்டாஹ." இந்தப் பொய்யை நான் யாருக்காகச் சொல்கிறேன் என்று இப்போது தெரியவில்லை.

எச்-4இல் பெண்கள் இருக்கிறார்கள், நான் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மாடி வீட்டு யாமினி எம்.டெக். இரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறாள். அவளிடம் போய் இந்த வரியைப் படித்துக் காட்டட்டுமா?

வேறு பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம். போனும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஹ்ஜபீன்


ரிச்சர்ட்சன்
14 ஏப்ரல் 2001

அன்புள்ள மஹ்ஜபீன்,

நீ எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் மீட்டிங் என்று இரண்டு அறையாகப் பிரித்துக் கூப்பிட்டார்கள். எந்த அறைக்கு என்ன முடிவு என்று உள்ளே போகும்வரை தெரியாது. என் அறையில் மேனேஜர் வந்து, "நீங்கள் இருக்கிறீர்கள்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சேனாபதி அடுத்த அறையில் இருந்தார்.

சாயங்காலம் அவருக்குச் சாமான் கட்ட உதவப் போனேன். கரூருக்கே திரும்புகிறார். மனைவி கண்மணி பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ வரச் சொல்கிறாய், நான்தான் போகவில்லை என்றேன். சேனாபதி உடனே, "நல்லதுங்க. பொண்டாட்டி ஊருக்குப் போயி உக்காந்தா ஊட்டோட மாப்ளைன்னு பேசுவாங்க. எங்க பக்கம் அது பெரிய கேவலமுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எங்க ஊர்ல போகாட்டித்தாங்க கேவலம்" என்றேன். "எங்க வாப்பா போனாஹ, அவங்க வாப்பா போனாஹ. மாப்பிள்ளை வர்றாருன்னா அந்த வீட்ல நடுக்கூடத்துல பாய் போடுவாங்க. பொண்ணுக்குச் சொந்த வீடு, அவளை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. இதுல என்னங்க கேவலம்?" இன்னும் நிறையப் பேசினேன். டேப் சுருளோடு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

கண்மணி தலை நிமிராமல், "அப்புறம் ஏன் போகலைங்க?" என்றாள்.

பெட்டியை ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். வக்கீலிடம் பேசினேன். காரணங்கள் இவை. இங்கேயும் வேலை நிலையில்லை; அடுத்த தடவை நான் எந்த அறையில் இருப்பேன் என்று தெரியாது. இந்த மாதிரி ஆட்குறைப்புக்குப் பிறகு என் கிரீன் கார்டு மனு நகர்வது சந்தேகம். உன்னுடையது நகர்கிறது, அது வந்தால் என்னையும் சேர்க்கலாம். இரண்டு வாடகை வீண். எச்-4இல் வேலை செய்யத்தான் தடை, படிக்கத் தடை இல்லை. உம்மாவிடமும் கேட்டேன். "போடா, இத இவ்ளோ நாளா யோசிச்சியா?" என்றார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வருவதுதான் சரியான தீர்வு.

உன் சம்மதம் வேண்டும். பதில் எழுது.

ஜுஹைர்


டப்ளின்
22 ஏப்ரல் 2001

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சேனாபதி அண்ணனுக்கும் கண்மணிக்கும் என் ஸலாம் சொல்லுங்கள், கிளம்பும் முன். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடுவில் நின்றுபோகுமே என்று கவலையாக இருந்தது.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காரிலேயே படித்தேன். திரும்பவும் படித்தேன். கம்பெனி, வக்கீல், வாடகை, மாமி சொன்னது. எல்லாம் சரியான காரணங்கள், ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மச்சான், அதில் ஒன்று மாறினால் என்ன செய்வீர்கள்? அடுத்த மாதம் உங்கள் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தால்? என் மனு நின்றுவிட்டால்? காரணத்தின் மேல் ஏறி வருகிறவர், காரணம் போனால் இறங்கிப் போய்விடுவார். நான் அப்போது வாசலில் நிற்பேன்.

அந்த மத்தியானம் பிரானில் உங்களுக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. போக வழியில்லாமல்தான் இருந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் லிவியோ வந்து கயிற்றை அவிழ்த்தபோது, "அதுக்குள்ளயா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. வாய் தவறி வந்தது. நான் இந்த எட்டு மாதமும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வர ஆசை என்று ஒரு வரி இல்லை. ஆசை இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் அங்கேயே இருங்கள். நான் அழமாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் இருந்துவிடுவேன்.

மஹ்ஜபீன்


ரிச்சர்ட்சன்
26 ஏப்ரல் 2001

அன்புள்ள மஹ்ஜபீன்,

உன்னோடு இருக்க ஆசையாக இருக்கிறது.

இதற்கு மேல் நாலு வரி எழுதினேன், அவற்றில் காரணம் வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

உன்
ஜுஹைர்