ஒரு போத்தலும் ஒரு லீற்றரும்

என் தங்கத் தங்கச்சி நஸீரா,

உன் கபுறுக்குழியில் அல்லாஹ் வெளிச்சம் தரட்டும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் வகுப்பில் நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு, கரைத்தீவு மத்ரஸாவில் நீ நடத்திய பெண்கள் வகுப்பை நான்தான் எடுத்தேன். மன்னாரிலிருந்து அகதியாக வந்து அதில் படித்தவர்களில் சிலர், சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் மிச்சம். நீ விஞ்ஞான ஆசிரியை, நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவள். உன் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் படிப்பித்தேன். அவர்களும் 'டீச்சர்' என்றார்கள். அது தலைக்கேறிவிட்டதோ?

போன கிழமை வயிற்றோட்டப் பாடம். மருந்துக்கடையில் விற்கும் உப்புச்சீனிப் பக்கெட்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

"லீற்றர் அளக்க வீட்டில ஒண்டும் இல்லையே டீச்சர்" என்றார்கள்.

நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, "ஒரு போத்தல் தண்ணி எடுங்க, சரியாயிடும்" என்றேன். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் நாம் போத்தல் கணக்கில்தானே வாங்குகிறோம். அது முக்கால் லீற்றர்தான் என்பது என் மண்டைக்குள் வரவே இல்லை, நஸீரா!

பரீனாவை உனக்குத் தெரியும், அகதி முகாமில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அவளுடைய எட்டு மாதப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். நான் சொன்னபடியே இரண்டு நாள் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை துவண்டுபோக, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓடிப்போனபோது, உடம்பில் உப்புக் கூடிவிட்டது, எப்படிக் கரைத்தாய் என்று தாதி அவளை ஏசிக்கொண்டிருந்தார். பரீனா என்னைப் பார்த்து அழுதாள்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க டீச்சர். என்ட மண்டையிலதான் ஒண்டும் ஏறல்ல. இனி வகுப்புக்கு வரமாட்டன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இல்லையா ராத்தா என்கிறாயா? வெட்கம்தான். பயம் அதைவிடக் கூட. அவள் புருஷன் என்ன சொல்வான்? நீ வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த வகுப்பு என்னால் கலைந்துபோனால்?

பிள்ளை தப்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று விடிந்ததும் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். "பிழை என்னிலதான், புள்ள. போத்தல் எண்டா முக்கால் லீற்றர்தான்."

பரீனா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள்.

"அப்ப கால் லீற்றர் தண்ணி குறஞ்சிருக்கு" என்றாள். விரல் விட்டு எண்ணக்கூட இல்லை, நஸீரா. பிறகு கத்தினாள். "அண்டைக்கே ஏன் சொல்லல்ல? மூணு நாளா என்னையே நான் மடச்சி, மடச்சி எண்டு ஏசிக்கிட்டிருந்தனே!"

எழும்பினேன்.

"எங்க போறீங்க? மத்தப் பதினொரு பேரும் இன்னும் போத்தல்லதானே கரைப்பாங்க?"

யா அல்லாஹ்! என் மானத்தைப் பற்றியே மூன்று நாள் யோசித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. பதினொரு வீட்டுக்கும் வெயிலில் நடந்தேன். இப்போதுதான் வந்து இருக்கிறேன். லீற்றர் கணக்கைத் திருத்திவிட்டேன். என் பிழையால்தான் பரீனாவின் பிள்ளைக்கு அப்படி ஆனது என்று மட்டும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கதை எல்லாருக்கும் தெரியும், அவளைத்தான் குறை சொல்கிறார்கள்.

நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு. பரீனாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். இன்ஷா அல்லாஹ், பன்னிரண்டு பேருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்வேன்: பரீனா படித்தது சரி, நான் படிப்பித்ததுதான் பிழை.

மூன்று நாள் உன்னிடமும் வாய் திறக்காத,
உன் ராத்தா