நான் கழற்றிய அடைப்புக்குறிகள்

என் அருமைக் கவிதாவுக்கு,

மதினி கடிதமெல்லாம் எழுதுகிறாளா என்று சிரிப்பாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து அறைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியவள் நான். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதினால்தான் பாதியில் அழிக்கமாட்டேன் என்று காகிதத்தில் எழுதுகிறேன்.

திருத்தங்கல் அச்சாபீஸில் நாம் வெப்சைட் வேலை பார்த்த மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று உன் நாற்காலியில், கடைக்காரர்களுக்குக் காட்டும் காலண்டர் மாதிரி ஆல்பங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். கீழே உங்க அண்ணன் மெஷின் ஓட்டுகிறார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டாரே, "அம்புட்டு நேரமா என்னத்துக்குச் சண்டை போடுறீக?" என்று. "அண்ணே, காலண்டர்ல படம் எல்லாருக்கும் ஒண்ணுதான, கீழ கடைப் பேரு மட்டும் மாறுதுல்ல? கம்பெனி வெப்சைட்டுலயும் அப்படித்தான். பேரை எடுத்து அந்த இடத்துல வைக்க டெம்ப்ளேட் இன்ஜின்னு ஒண்ணு இருக்கு. மதினி பழசையே கட்டிக்கிட்டு அழுறாக, நான் வேற ஒண்ணு போடலாங்கேன்" என்றாய். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எதைப் போட்டாலும் பேரு தப்பில்லாம வரணும்" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெப்சைட்டைக் கட்டிய ஃபிரேம்ஒர்க்கோடு சேர்ந்தே வந்த இன்ஜின் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நீ கெஞ்சினாய். "பழசை எடுக்க வேண்டாம் மதினி. செட்டிங்ஸ்ல ரெண்டையும் வரிசையா எழுதிருவோம். பழைய பக்கமெல்லாம் பழசுலயே ஓடட்டும், ஆல்பம் பக்கம் மட்டும் புதுசுல." அப்படி ஓடும் என்று எனக்கும் தெரியும். எனக்கு முன்னால் நீ கண்டுபிடித்துவிட்டாய் என்பதுதான் பொறுக்கவில்லை. கடைசியில், முதலாளி பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டேன்.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தாய். முதலாளி வருகிறாரே என்று நீ ஏற்றி வைத்திருந்த பக்கங்களைத் திறந்தேன். கடைப் பெயரைக் கொண்டுவரும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஜோடி அடைப்புக்குறி. பழைய இன்ஜினில் அது ஆகாது. உன் கவனக்குறைவு என்று நினைத்து ஒன்றுவிடாமல் கழற்றிப் போட்டேன்.

அவர் பார்த்தபோது கடைப் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் புரியாத இங்கிலீஷ். "என்னம்மா இது? பழசே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். அவர் போனதும் உன் பக்கங்களை சர்வரிலிருந்து அழித்தேன்.

மறுநாள் கோயில் பிரசாதத்தோடு வந்து நின்றாய். பெயர் வரவில்லை, முதலாளி வேண்டாமென்றுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். "எங்கன மதினி தப்பு விட்டேன்? என் லேப்டாப்புல நல்லாத்தான ஓடுது?"

"உன் லேப்டாப்புல ஓடி என்ன செய்ய?" என்றேன். பிரசாதத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் இன்ஜினின் கையேட்டை அப்போதுதான் படித்தேன். அதில் அந்த அடைப்புக்குறி இருந்தால்தான் பெயரை எடுத்துக்கொண்டு வரும். உடனே சொல்லியிருக்கலாம். சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் உனக்குக் காமாலை வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை. "வீட்டுக்கு வந்ததும் ஒருக்கா திரும்பப் பாக்கணும் மதினி, எங்கயோ விட்டிருக்கேன்" என்றாய். அப்போதுகூட எனக்கு வாய் வரவில்லையே, நானெல்லாம் என்ன மனுஷி? பத்தே நாளில் போய்விட்டாய்.

இந்த வருஷ ஆல்பத்துக்கு உன் லேப்டாப்பிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்து ஏற்றினேன். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே சைட்டில் சண்டையில்லாமல் ஓடுகின்றன. முதலாளி நேற்று பார்த்துவிட்டு, "எம்புட்டு நல்லாருக்கு! நீயே செஞ்சியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன் கவிதா. மறுபடியும்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் உங்க அண்ணன் கையில் கொடுப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பிறகு முதலாளிக்கு நானே வாசித்துக் காட்டுவேன். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் பக்கத்தின் அடியில், இதைச் செய்தவள் என்று உன் பெயர் இருக்கும். அது தப்பில்லாமல் வருகிறதா என்று நானே பார்த்துக்கொள்வேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ எங்கேயும் தப்பு விடவில்லை.

விட்டவள்,
உன் மதினி