மேச பார்ரா தோஸ்து

மச்சான்,

இன்று காலை நம் பேத்தியின் போனில் ஒரு பெண் குரல், நீங்கள் அன்று சொன்னதையே சொன்னது. பேத்தி வேலைக்காக ஸ்பெயின் போகிறாளாம். அங்கே ஓட்டலில் முன்கூட்டியே மேசை சொல்லிவைக்கும் வாக்கியங்களை, போன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். "ஊனா மேசா பாரா தோஸ்." கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நம் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்து எத்தனை காலமாயிற்று!

அறுபதுகளில், நமக்குக் கல்யாணமான புதிது. மஞ்சக்குப்பத்துப் பிரியாணிக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த உங்களுக்கு, ஒரு பயணிகள் கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை கிடைக்கும்போல் இருந்தது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வருகிற கப்பல். அவர்கள் மேசை கேட்டால் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், சிதம்பரத்தில் ஏஜெண்டு சொல்லச் சொல்லிப் பார்ப்பார் என்றீர்கள். கப்பலில் இருந்த உங்கள் சிநேகிதர் வாயால் சொல்லிக் கொடுப்பதை, வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடுவீர்கள்.

"பசிச்சா போய் உக்கார வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு முன்னாடியே கேக்குறது?" என்றேன்.

"பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறோம்ல புள்ள, அத அவுங்க டெலிபோன்ல போடுறாங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுல என்ன கஷ்டம் மச்சான்? மேச நம்ம மேசதான். 'மேச பார்ரா தோஸ்து'ன்னு கூட்டாளிகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க, வந்துரும்."

"அடியே, புருசனையே 'டா' போடுறியா?" என்றீர்கள். ஆனால் வந்துவிட்டது. செம்மண்டலத்து வீட்டில் தினமும் ஒத்திகை; நான் சாப்பிட வந்த துரைசாணி, நீங்கள் கப்பல்காரர். எனக்கு அப்போது ஐந்து மாதம். போகாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல நான் அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுவிட்டு வருவேன்.

சிதம்பரம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினீர்கள். "நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான் சொன்னேன். கேலி பண்றியான்னு வெளிய அனுப்பிச்சிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் அம்மா விட்டார்களா? "வாய் ஜாஸ்தி இவளுக்கு. அந்த வாயாலதான் எம்புள்ள பொழப்பு போச்சு." மவுத்தாகும் வரை மாமி அதைச் சொன்னார்கள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். கடை மாற்றுவதா, மகனைத் துபாய்க்கு அனுப்புவதா, எதைக் கேட்டாலும் உங்கள் முடிவுக்கே விட்டுவிட்டேன். அடக்கமான மருமகள் என்று தெருவே மெச்சியது.

இன்று பேத்தியிடம், "'ஊனா மேச பார்ரா தோஸ்து'ன்னு சொன்னா அதுக்குப் புரியுமா?" என்று கேட்டேன். போனை நீட்டினாள். சொன்னேன். பச்சையாக டிக் விழுந்தது.

"சூப்பர் நன்னி! ரெண்டு பேருக்கு ஒரு மேசைன்னு கரெக்டா சொல்றீங்க!"

கரெக்டாம், மச்சான். அந்த ஏஜெண்டு உங்களை இதற்காகத் துரத்தியிருக்கவே மாட்டார். நீங்களாகத்தான் வேண்டாமென்று திரும்பியிருக்கிறீர்கள். நான் அழுததைப் பார்த்துவிட்டீர்களா? என்னை விட்டுப் போக மனசு வரவில்லையா? நினைத்தால் இந்த வயதிலும் வெட்கம்கெட்ட மனசு பூரிக்கிறது. அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வருகிறது. அதை என்னிடம் சொல்லித் தொலைப்பதற்கென்ன? மாமி என்னைக் கரித்துக்கொட்டும்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? என் பேச்சால் உங்களுக்குக் கெடுதல்தான் வரும் என்று நம்பியே நான் கிழவியானேன்.

போன நோன்புக்கு முந்தி, உங்கள் கடைசி நாளன்று, டீயைக் குடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டீர்களே: "அடைக்கிற மாதிரி இருக்கு புள்ள. இப்பவே டாக்டர்கிட்ட போவமா, நாளைக்குப் பாத்துக்கலாமா? நீ என்ன சொல்ற?"

கல்யாணமாகி வந்த அந்த வாயாடியாக இருந்திருந்தால், சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"உங்க இஷ்டம் மச்சான்" என்றேன்.