சார்சேல், நான்காம் மாடி

அன்பு மகள் ஆக்சிலியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாதா தயவில் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை லுதோவிக்கும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். அப்பாவுக்கு முழங்கால் வலி, கேட்டால் இல்லை என்பார். வாய்க்காலில் தண்ணீர் இந்த வருஷமும் நமக்குக் கடைசியாகத்தான் வந்தது, நடவு இன்னும் முடியவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், பிரான்சிலிருந்து திரும்பி வந்துவிட்ட மார்கெரித் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒம் மக பாரீசுல இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றியே செல்வம், அது பாரீசு இல்லடி, சார்சேலு, ரயிலேறி வெளிய போவணும், கறுப்பனும் அரபிக்காரனும் இருக்கற எடம், எட்டு வருசம் கெடந்துட்டுத் தப்பிச்சு வந்தேன் என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அவங்க ஒன்ன என்னக்கா செஞ்சாங்க என்று கேட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லு என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். ஸ்டேஷன், டிராம் வண்டி, பெட்டி பெட்டியாக ஒரே மாதிரி மாடி வீடுகள், யூதர்களின் ஜெபக்கூடம், ஈராக், துருக்கிப் பக்கமிருந்து ஓடிவந்த கிறிஸ்தவர்களின் கோயில், யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் கறிவேப்பிலை, சந்தையில் மாலி நாட்டுப் பெண்கள் வெண்டைக்காயைப் பேரம் பேசுவது. விடிவதற்கு முன் ரயிலில் நிற்க இடமிருக்காதாம், எல்லோரும் பாரீசைக் கூட்டித் துடைக்கப் போகிறவர்கள். துடைக்கிறவர்களுக்கு மட்டும் அந்த ஊருக்குள் வீடு கிடைக்காது. இந்த நியாயம் எனக்குப் புதிதில்லை, உனக்கும்தான். சொல்லிக்கொண்டே வந்தவள், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக் கறுப்பு அம்மா பத்து நாள் சூப்பு கொண்டுவந்ததைச் சொன்னாள். அந்தக் காலண்டர் தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக போனில் ஒரே ஜன்னல் திரையைத்தான் காட்டுகிறாய், போட்டோவில் அந்த இரும்புக் கோபுரம்தான். மார்ச் மாதம் பிரசவம், நான் வருவதற்கு உங்கள் ஊர் மேரியில், அந்த நகராட்சி ஆபீசில், வாங்க வேண்டிய அழைப்புத்தாளை நாலு தரம் கேட்டுவிட்டேன், பார்க்கலாம்மா என்கிறாய். மாப்பிள்ளை சொன்ன அந்த லிப்ட் ஓடாத நாலு மாடியை நான் பார்த்துவிடுவேன் என்றா? உன் பிள்ளையை நான் ஏந்தாமல் வேறு யார் ஏந்துவது?

யோசித்துப் பார்த்தால் குற்றம் என்னுடையது. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது டவுனில் மாமா வீட்டில் உட்காரவைத்து, ஊரைக் கேட்டா காரைக்கால்னு மட்டும் சொல்லு, காலனின்னு வாயைத் தொறக்காதே என்று அதட்டியவள் நான். பின்னால் தெரிந்தும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருக்கும் இடத்தைச் சொல்லக் கூசுவதை நீ என்னிடம்தான் படித்தாய். நேற்று கோயில் வாசலில் அதே பெண்களிடம் என் மகள் சார்சேலில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் போனைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தையில் நட, நானும் கூட வருகிறேன். மாடி ஏறும்போது நின்று நின்று ஏறு, இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. சூப்பு கொண்டுவருகிற அம்மா உன் மாடியில் யாரேனும் இருந்தால் என் வணக்கத்தைச் சொல். மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இதுவரை நீ சொன்னபடி மாப்பிள்ளையின் கடை முகவரிக்கு எழுதினேன். இந்த உறையில் உன் வீட்டு முகவரியை அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். அனுப்புநர் இடத்திலும் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். அழைப்புத்தாளிலும் இப்படியே எழுது.

உன் அம்மா,
சூ. செல்வம்மாள்,
மேலக் காலனி, நெரவி.