அக்காவின் கைப்பையில் கிடந்த கல்கல்

பாட்டுக்குழுவில் என் இடப்பக்கம் நின்ற அன்பு அக்காவுக்கு,

லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ இல்லாத இரண்டாவது கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. முதலில் உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

கழற்றி மாட்டும் பல்செட் வந்த பிறகு, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் பாடப் போகையில் நீ உதட்டை மட்டும் அசைத்தாய். குரலை உயர்த்தினால் செட் நழுவிவிடும் என்ற அச்சம். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது தெரியும். பாடிய வீடுகளில் தரும் கல்கலை, சர்க்கரை பூசிய அந்தக் கெட்டிப் பலகாரத்தை, கைப்பையில் போட்டுவந்து என்னிடம் கொடுப்பாய். "நீ கடிடா தம்பி, சத்தத்த நான் கேட்டுக்குறேன்" என்பாய்.

சென்ற ஆண்டு மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போயின. தற்காலிகச் செட்டுடன் நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக எழுந்தபோது, வாதத்தைவிட வாயைப் பற்றியே அதிகம் யோசித்தேன். பாட்டுப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்தினேன். நானும் உதட்டை மட்டும் அசைப்பவனாகிவிடுவேனோ?

உன் மகள் ஸ்டெல்லாதான் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் இம்ப்ளான்ட் என்றார். தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பின் மேலே பல் பொருத்துவது. பக்கத்துப் பற்களோடு இணைத்து பிரிட்ஜ் கட்டுவதானால் அந்த நல்ல பற்களை ராவ வேண்டும். இதில் அது வேண்டாம். வேர் போன இடத்தில் எலும்பு கரைவதையும் இது பெருமளவு தடுக்குமாம்.

எலும்பு பற்றாவிட்டால்? சர்க்கரை நோய் இருந்தால்? எத்தனை காலம் உழைக்கும்? கேட்டுக்கொண்டே போனேன்.

"சார், என்னைக் கூண்டுல ஏத்திட்டீங்களே," என்றார் டாக்டர்.

"விடுங்க டாக்டர். மாமா தனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலயே குறுக்கு விசாரணை பண்ணவராம். அம்மா சொல்வாங்க," என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சிலருக்குப் பற்றாமலும் போகும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை கூடாது, சொந்தப் பல்லைப் போலவே துலக்கிப் பேண வேண்டும் என்றார். முழு உத்தரவாதம் தர மறுத்ததாலேயே அவரை நம்பிச் சம்மதித்தேன்.

திருகைப் பதித்தபின் மாதக்கணக்கில் காத்திருந்தேன். இப்போது பல் அசைவதில்லை. பேசும்போது நாக்கு அதைத் தேடிப் போவதுமில்லை.

இந்த டிசம்பரில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் முழுக்குரலில் பாடினேன். அந்த வீட்டு அம்மாள் தட்டை நீட்டினார். டாக்டரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தேன். சிறியதாக ஒரு கல்கல் எடுத்துக் கடித்தேன். சத்தம் கேட்டதா, அக்கா?

உனக்கும் இதைச் செய்திருக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். எலும்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கும் ஒரு கடைவாய்ப்பல் போய்விட்டது. "உள்ளதானே மாமா, யாருக்குத் தெரியப் போவுது" என்கிறாள். உனக்கும் ஒன்றில்தான் தொடங்கியது. சர்க்கரையைப் பரிசோதித்து, நானே அவளை டாக்டரிடம் அழைத்துப் போவேன். உன் இடத்தில் இப்போது அவள்தான் நின்று பாடுகிறாள். அவள் உதட்டை மட்டும் அசைக்கும் நாள் வர விடமாட்டேன்.

உனக்கும் சேர்த்துக் கடிக்கும்,
உன் தம்பி