கஜானி கேட்ட திறப்பு

அன்பு மகன் லக்ஷனுக்கு,

பெரியகல்லாற்றிலிருந்து அப்பா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி கஜானியும் சுகம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். சுவிஸில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளியைக் கவனி. இங்கே மாரி பிந்திவிட்டது, வாவியில் இறால் பரவாயில்லை, என் முழங்கால் நோவுதான் விடமாட்டேன் என்கிறது.

போனில் பேசும்போது கஜானி பக்கத்திலேயே நிற்பாள், அதனால் சொல்ல வாய் வராததை இதில் எழுதுகிறேன். அம்மா போன பிறகு, தோணிக்குப் போகும் நேரமெல்லாம் அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் போனேன். இரண்டு வருடம், மகன். வயது இருபத்தாறு என்றாலும் பிறந்ததிலிருந்தே அவளுக்கு விளக்கம் மெதுவாகத்தானே வரும், றோட்டையும் ஆட்களையும் நினைத்துப் பயம். பக்கத்து வீட்டு வதனி பார்த்துக்கொள்கிறாள் என்று உன்னிடம் சொன்னது பொய்.

சித்திரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை ஒன்றிலிருந்து ஸகியா என்ற பிள்ளை வந்தாள். கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கே வந்து கஜானிக்குச் சோறு வடிக்க, றோட்டைக் கடக்கப் பழக்கினாள். பின்னேரங்களில் சந்தியிலுள்ள அவர்களுடைய நிலையத்துக்கு நான் கூட்டிப்போவேன். அப்படியிருந்தும் காலையில் பூட்டத்தான் செய்தேன். போன மாதம், இனி அவளுக்கு என்ன பழக்கலாம் என்று பேச உட்கார்ந்தோம். நான் தையல் என்று தொடங்க, ஸகியா "பொறுங்க ஐயா, கஜானிட்டயே கேப்பம். கஜானி, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். அந்தக் கேள்வியை நானோ அம்மாவோ அவளிடம் ஒருநாளும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அவள் விரலைப் பிசைந்துகொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு என் இடுப்பில் தொங்கிய வீட்டுப் பூட்டின் திறப்பைக் காட்டி, "அது. அப்பா பூட்டுறார். நான் கத்துறன். ஒருத்தரும் வரல்ல" என்றாள். ஸகியா என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு கிழமை நித்திரை இல்லை. பிறகு இன்னொரு திறப்பு வெட்டி, நூலில் கோத்து அவள் கழுத்தில் போட்டேன். முதல் இரண்டு நாளும் பாதி வாவியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன், வீட்டில்தான் இருந்தாள். போன புதன் காற்று மாறி நான் பிந்திவிட்டேன். வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆளில்லை, வதனி வீட்டிலும் இல்லை. எனக்கு உயிரே இல்லை. ஸகியாவுக்குப் போன் எடுத்தால், "நிலையத்துக்குத் தனிய நடந்து வந்தவ ஐயா. உங்களுக்கு எடுத்தனான், லைன் கிடைக்கல்ல. நீங்க வராதீங்க, அவவா வருவா" என்கிறாள். அவளிடம் இருக்கிறதே என்று என் திறப்பை உள்ளேயே மாட்டிவிட்டுப் போயிருந்தேன், ஆகவே இறால் கூடையோடு வாசலில் குந்தியிருந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள். "அப்பா வெளியயா நிக்கிறீங்க?" என்று சிரித்து, இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் பூட்டைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்று நீ கேட்பாய். முழுப் பதில் இன்னும் இல்லை, ஆனால் அவள் போக ஓர் இடமும், காணவில்லை என்றால் தேட நாலு பேரும் இருக்கிறார்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கஜானி எப்படி என்று என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள். பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், போனை வைத்துவிடாதே.

உன் அப்பா,
வினாயகமூர்த்தி