ஏரியைப் பார்க்க வராதவன்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் புல்லெல்லாம் உறைபனி. விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இந்த நோட்டை யாராவது பிரித்தால் பொறுத்துக்கொள்ளட்டும். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எழுபது வயதில் ‘ழ’ போட வந்துவிட்டது! சும்மாவே பத்து ‘ழ’ போட்டுப் பார்த்தேன். என்ன அழகு.

கோகிலா பொங்கலுக்கு வரவில்லை. என் ஒரே மகள். இதே மலையில்தான் இருக்கிறாள், அவலாஞ்சியில். கோயம்புத்தூரில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கிறாள், கூடப் படிக்கிற பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். லீவில்தான் ஏரியைப் பார்க்க ஆட்கள் வருவார்களாம். அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டுமாம்.

சாயங்காலம் போன். இரண்டு நிமிடம்.

“ஏரிக்கு எப்படிம்மா வெல போடுவ?”

“ஏரிக்கு வெலச்சீட்டு இல்லப்பா. அதப் பாக்க ஒருத்தர் எவ்வளவு தூரம் வர்றாங்க, எத விட்டுட்டு வர்றாங்க, அத வச்சு மதிப்புப் போடுவோம்.”

புதன் வேலை முடிந்ததும் அப்படியே கீழே இறங்கி டில்லி ரயில். அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடம். வீட்டுக்கு வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொல்லிவிட்டாள், நேரமில்லை என்று.

நான் எழுதப் படிக்கிறது அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 19, திங்கள்

வாங்கியது: உப்பு. தீப்பெட்டி. நீல மைப் பேனா. வர்க்கி பிஸ்கட் (அவளுக்கு. எதற்கு வாங்கினேன்?)

கடைக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கம். “ஏனுங்க பெரியவரே, உங்க புள்ள ஏரிக்கு வெல போடுதாமா? பத்திரம் யாரு பேருலீங்க முடிக்கிறது?” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எஸ்டேட் லயத்து வீட்டுக்கு ஏறும்போதுதான் தோன்றியது. ஏரியைப் பார்க்க வருகிறவனிடம் அவள் பேசித்தானே ஆக வேண்டும்?

நர்சரியில் நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் வேலை. சூப்பர்வைசரிடம் புதன்கிழமை லீவு கேட்டேன். “ஒரு நாள் பேரு போயிருமேண்ணே.” ஒரு நாள் கூலிதானே, போகட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். மனசு அங்கே இல்லை. டீச்சர் திட்டினார். சட்டை துவைத்தேன், காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

பஸ்ஸில் எழுத முடியாது. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸில் ஊட்டி. அங்கே ஒரு மணி நேரம் நின்று அடுத்த பஸ். அவலாஞ்சியில் வனத்துறை வாசலில், ஏரிக்குக் கூட்டிப்போகும் வேனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நானும் நின்றேன். கோகிலா இல்லை. ஷீபா என்ற பெண் தாள்களோடு வந்தாள். கூடலூர்க்காரி, கூடப் படிக்கிறவள்.

“எதுக்கு வந்தீங்க, சொல்லுங்க பெரியவரே. நான் எழுதிக்கிறேன்.”

“தாளக் குடும்மா. நானே எழுதுறேன்.”

“சாரமில்ல, மெதுவா எழுதுங்க.” பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்கிறாள்.

ஒரு கல்மேல் உட்கார்ந்தேன். வாலிப வயதில் இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறியபோது ஒரு தாளில் கைநாட்டு வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. நானே படித்து, நானே நிரப்பிய முதல் தாள் இதுதான். இரண்டு வேன் நிறைந்து போய்விட்டது. நான் மூன்றாவது கேள்வியில்.

ஊர்: குன்னூர்ப் பக்கம், எஸ்டேட் லயம்.
பயண நேரம்: நாலு மணி நேரம்.
விட்டுவிட்டு வந்தது: ஒரு நாள் பேர்.
ஆண்டுக்கு எத்தனை முறை வருவீர்கள்: மகள் இருந்தால் தினமும்.
வந்த காரணம்: ஏரி, காடு, பறவை, மற்றவை என்று போட்டிருந்தது. மற்றவையில் டிக். பக்கத்தில் ‘கோகிலா’.

பதினொரு மணிக்கு கோகிலா கீழேயிருந்து ஏறி வந்தாள். இளைத்திருக்கிறாள். கூட்டத்தைப் பார்க்காமல், ஷீபா வாங்கி வைத்திருந்த தாள் கட்டைப் புரட்டினாள். ஒன்றில் நின்றுவிட்டாள். பிறகுதான் தலை தூக்கினாள்.

“அப்பா! யாரு எழுதிக் குடுத்தா?”

“ஏன், நான்தான்.”

“பொய் சொல்லாதீங்க.”

விரலில் இருந்த மையைக் காட்டினேன்.

“எத்தன மணிக்குக் கெளம்புனீங்க? இந்தக் குளிர்ல...”

“எவ்வளவு நேரம்னு எழுதியிருக்கேனே. படி.”

ஷீபா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இது கணக்குல சேராதுப்பா. ஏரியப் பாக்க வந்தவங்க மட்டுந்தான் சேர்த்தி.”

“தள்ளி வச்சிரு. எனக்கு வருத்தமில்ல.”

கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். வர்க்கி தின்றாள். அதற்குள் மூன்று முறை அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏரி எந்தப் பக்கம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

எழுந்தபோது என் நோட்டை வாங்கி டில்லி விலாசம் எழுதினாள். “போன்ல ரெண்டு நிமிசத்துல வச்சிடுறீங்க. எழுதுங்கப்பா.”

தாளைக் கட்டில் சேர்த்தாளா, தள்ளி வைத்தாளா, தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஜனவரி 24, சனி

மூடுபனி. பக்கத்து லயம் தெரியவில்லை. நர்சரியில் வேலை, முழுப் பேர்.

போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாளாம். இங்கே இருப்பதைவிட அங்கே குளிராம். நம்ப முடியவில்லை.

இன்லாண்டு லெட்டர் ஒன்று வாங்கினேன். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன். ‘பாப்பா, அங்கேயிருந்து இங்கே வர எத்தனை மணி நேரம் ஆகும்?’

அதற்குமேல் கை ஓடவில்லை. அடுத்த வாரம் அடுத்த வரி எழுதுவேன்.